ஆழத்தார் ரகசியம் காத்த விதம்

எங்கள் குழுவில் நாற்காலி போடுவது என் வேலை. சனிக்கிழமை பிற்பகல் ஒன்றரைக்கு ஆட்டம் என்றால் ஒரு மணிக்கே நான் சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்துக்குப் போய்விடுவேன். மடக்கு நாற்காலிகள் சுவரோரம் சாத்தியிருக்கும். ஐந்தை எடுத்து விரித்துப் போடுவேன். அதில் ஒன்று கால் ஆடினால் அதை எனக்கு வைத்துக்கொள்வேன். பதினான்கு வருடத்தில் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அக்கறை இல்லாத மனிதன் என்று நீங்கள் என்னைப் பற்றி எழுதிவிடக் கூடாது.

நேற்று நீங்கள் வேகவேகமாகக் கேட்டீர்கள். எனக்கு வேகம் ஒத்துவராது. மாவட்ட அலுவலகத்தில் முப்பத்தோரு வருடமாக வரைபடம் போடுகிறவன் நான். ஒரு கோடு தப்பினால் ஒருத்தர் வேலி அடுத்தவர் நிலத்துக்குள் போய்விடும். அதனால் பேனாவும் தாளும் கொடுத்து எழுதச் சொன்னது எனக்கு வசதிதான். காபிக்கும் நன்றி, ஆறிப்போயிருந்தாலும்.

எங்கள் ஆட்டம் உங்களுக்குப் பழக்கம் இல்லை என்றீர்கள். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒருவர் ஓர் உலகத்தைக் கட்டுவார், எங்கள் குழுவில் அது நான். மற்ற நான்கு பேரும் அந்த உலகத்தில் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து பேசுவார்கள், முடிவெடுப்பார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்டிப் பார்ப்போம். பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற டுவெய்ன், பள்ளிக்கூடத்தில் சமைக்கிற வெர்னா, அவள் கணவர் ஆர்லன், அப்புறம் மார்லிஸ். ஆர்லன் வருடத்துக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

மேசை நடுவில் ஓர் அட்டை இருக்கும். பீர் கிளாஸுக்கு அடியில் வைக்கிற வட்ட அட்டை. அதன் ஒரு பக்கத்தில் மார்லிஸ் தன் நெயில் பாலிஷால் சிவப்பு பூசி வைத்திருந்தாள். ஆட்டத்தில் யாருக்காவது தாங்க முடியாமல் போனால் அட்டையைத் திருப்பிச் சிவப்பை மேலே காட்டினால் போதும், அந்த நொடியே எல்லாம் நின்றுவிட வேண்டும். ஏன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. இது மார்லிஸ் கொண்டுவந்த வழக்கம். அவள் வேலை அப்படி. மாவட்டத்தின் அவசர உதவி எண்ணுக்கு வருகிற போன்களை எடுத்து வண்டி அனுப்புகிற வேலை. நாள் முழுக்க அடுத்தவர் அலறலைக் காதில் வாங்குகிறவளுக்கு ஒரு சிவப்பு அட்டை தேவைப்பட்டது நியாயம்தான்.

என் உலகத்தைப் பற்றிச் சொல்கிறேன். பதினோரு வருடம் உழைத்துக் கட்டியது. அது நம் ஊரேதான். அதே ஏரி, அதே காகித ஆலை, அதே சர்ச். ஒன்றே ஒன்றுதான் அதிகம். ஏரி உறைந்த பிறகு பனிக்கு அடியிலிருந்து ஆழத்தார் மேலே வருவார்கள். அக்கம்பக்கத்தார் முகத்தை மாட்டிக்கொண்டு நம்மோடு நடமாடுவார்கள். அவர்களைக் காட்டிக்கொடுப்பவை இரண்டு. ஒன்று, வெறுங்காலின் ஈரத் தடம், அதில் நான்கு விரல்தான் இருக்கும். இன்னொன்று, பனிக்கு அடியில் நகர்ந்து போகும் மஞ்சள் வெளிச்சம். இதெல்லாம் நான் தட்டச்சு செய்த பிரதியில் முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் எடுத்துவந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

இந்த மாதிரி உலகம் கட்டுகிற எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் சறுக்கும். மாயம் உண்டு, ஆனால் ஊருக்குத் தெரியாது என்று சொல்வது சுலபம். ஏன் தெரியாது என்று கேட்டால்தான் திருதிருவென்று விழிக்க வேண்டிவரும். நான் முதலில் மறதி மூட்டம் என்று ஒன்றை வைத்தேன். ஆழத்தாரைப் பார்த்தவர்களை அது சூழ்ந்துகொள்ளும், பார்த்தது மறந்துபோகும். போன அக்டோபரில் அதை மேசையில் படித்துக் காட்டினேன்.

மார்லிஸ் கேட்டாள். "பாத்தவன் மறந்துட்டான், சரி. அவன் போன்ல சொன்னதைக் கேட்டவ மறப்பாளா? ஒயர் வழியா வருமா உன் மூட்டம்?"

அடுத்த வாரம் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ரகசியக் காவலர்களை எழுதிக்கொண்டு போனேன். பார்த்தவர்களின் வாயை அவர்கள் அடைப்பார்கள். அதற்கு டுவெய்ன், "நம்ம ஊர்ல கோட்டு போட்டு நாலு பேர் வந்து இறங்கினா, பெட்ரோல் பங்க்ல காபி வாங்கறதுக்குள்ள ஊரு பூரா தெரிஞ்சிடுமேப்பா" என்றான்.

மார்லிஸ் விடவில்லை. "லாயிட், உனக்குப் புரியலை. ஒருத்தர் போன் பண்ணா போதும். நான் வண்டி அனுப்பிடுவேன். வண்டி போனா கதை முடிஞ்சுது."

"குடிச்சிட்டுப் பண்ணா?" என்று கேட்டேன்.

"குடிச்சிட்டுப் பண்ணாலும் போகும். உளர்றவன் பண்ணாலும் போகும். நேத்து பொய் சொல்லி ஏமாத்தினவன் இன்னைக்குப் பண்ணாலும் போகும். யார் சொல்றாங்கன்னு பாக்கறது என் வேலை இல்ல. பத்தொம்பது வருஷமா ஒரு போனைக்கூட நான் நம்பாம வெச்சதில்ல."

"போச்சு போ," என்றான் டுவெய்ன். "ஆழத்தாருக்கு ஒரே ஒரு போன்தான் ஆயுசு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆர்லன்கூடச் சிரித்தார். வாயே திறக்காத மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததைப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. மார்லிஸ் தான் செய்துகொண்டு வந்திருந்த எலுமிச்சை கேக்கில் ஒரு துண்டை என் பக்கம் தள்ளி, "கோவிச்சுக்காத. ஓட்டை இருக்குன்னு வேற யார் வந்து உனக்குச் சொல்வா?" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். நானும் சாப்பிட்டேன். கேக் நன்றாகவே இருந்தது.

மூன்று வாரம் மண்டையைக் குடைந்துகொண்டு விடை கண்டுபிடித்தேன். அது எவ்வளவு எளிமையானது என்று நீங்களே பாருங்கள். ரகசியத்துக்குக் காவல் தேவையில்லை. பார்த்தவரின் பேச்சு எடுபடாமல் போனால் போதும். அதற்கு ஆழத்தார் செய்ய வேண்டியது ஒன்றுதான், தங்களைப் பற்றித் தாங்களே ஓர் ஆட்டத்தை ஊருக்குள் விட்டுவிட வேண்டும். எங்களைப் போல ஐந்து பேர் சனிக்கிழமை கூடி ஆடுகிற ஆட்டம். அதன் பிறகு யார் வந்து நான்கு விரல் தடத்தைப் பார்த்தேன் என்றாலும், அது அந்த ஆட்டத்தில் வருவதாயிற்றே, பாவம், ஆடி ஆடி மண்டையில் ஏறிவிட்டது என்று ஊர் சொல்லிவிடும். பார்த்தவர் எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறாரோ அவ்வளவுக்கு நம்பிக்கை குறையும். இதை நாற்பதாம் பக்கத்தில் எழுதினேன். இந்தத் துறையில் வேறு யாரும் இப்படி யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எந்த விதியையும் ஆடிப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்கக் கூடாது. எங்களைப் போன்றவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்வது இது. மார்லிஸே அடிக்கடி சொல்வாள். இந்த விதியை மேசையில் ஆடிப் பார்க்க வழியில்லை. ஆடுகிறோம் என்று தெரிந்தவர்களை வைத்துச் சோதித்தால் சோதனையே வீண். தெரியாத ஒருவர் வேண்டும். அதுவும் ஊரே நம்புகிற ஆளாக இருந்தால்தான் விதியின் பலம் தெரியும். மார்லிஸைத் தேர்ந்தெடுத்தது கோபத்தால் என்று டுவெய்ன் உங்களிடம் சொல்லியிருக்கிறான். தவறு. கேள்வி கேட்டவள் அவள். பதிலும் அவளுக்குத்தானே போக வேண்டும்.

அவள் வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. அக்காவைப் பார்க்க அவள் வெளியூர் போகும்போது பூனைக்குச் சோறு வைப்பது நான். வரைபலகையின் பழைய கார்க்கில் இரண்டு பாதங்களை வெட்டினேன். ஒடுக்கமான பாதம், ஒவ்வொன்றிலும் நான்கு விரல். குழாய்த் தண்ணீர் உதவாது. ஏரித் தண்ணீரை ஒரு ஜாடியில் கொண்டுபோய் அதில் நனைத்து, பின்கதவிலிருந்து அடுப்படி வரைக்கும் ஒன்பது தடம் வைத்தேன். அவள் வேலை மூன்று மணிக்கு முடியும். மூன்று ஐந்துக்கு வைத்தால் அவள் வரும்போது ஈரம் காயாமல் இருக்கும். ஏரித் தண்ணீரில் லேசான பாசி வாடை வரும், அதையும் அவள் கவனித்திருக்கிறாள். எனக்குத் திருப்தியாக இருந்தது.

முதல் தடவை, அந்தச் சனிக்கிழமை ஆட்டத்துக்கு அவள் சிரித்துக்கொண்டுதான் வந்தாள். "சரி, யாரு அது? கையைத் தூக்குங்க. நாலு விரல் வரைக்கும் கணக்கா செஞ்சிருக்கீங்க, பாராட்டணும்."

யாரும் கை தூக்கவில்லை. வெர்னா, "நான் இல்லம்மா சத்தியமா" என்றாள். டுவெய்ன் தனக்குப் பனி தள்ளவே நேரம் பத்தவில்லை என்றான். நானும் இல்லை என்றேன். அவள் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன்.

இரண்டாம் தடவைக்குப் பிறகு அவள் பூட்டை மாற்றினாள். மாற்றிய அன்றே மாலையில் என் அலுவலகத்துக்கு வந்து புதுச் சாவியில் ஒன்றை என் மேசையில் வைத்தாள். "உன்கிட்ட ஒண்ணு இருந்தா எனக்கு நிம்மதி லாயிட்" என்றாள். நான் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொன்னால் அவள் மனம் புண்பட்டிருக்கும். மூன்றாம் தடவை தடம் வைத்தது அதற்கு நான்கு நாள் கழித்து. அவள் படம் எடுத்து வேலை செய்கிற இடத்தில் காட்டியிருக்கிறாள். படத்தில் அது தரையில் தண்ணீர் சிந்திய மாதிரிதான் தெரிந்ததாம்.

டிசம்பரில் ஏரி நன்றாக இறுகியது. மீன் பிடிக்கிறவர்கள் குடிசைகளை இழுத்துப்போய்ப் பனிமேல் நிறுத்தினார்கள். என்னுடையதும் ஒன்று, ஒன்பது வருடமாக அதே இடத்தில்தான். நாலரை மணிக்கே இருட்டிவிடுகிற நாட்கள். தண்ணீர் புகாத ஒரு விளக்கை நூலில் கட்டி, குடிசைக்குள் மீன் பிடிக்கப் பனியில் போட்ட துளை வழியாக இறக்கி மெதுவாக ஆட்டினேன். அவள் சமையலறை ஜன்னல் ஏரியைப் பார்த்தது. அன்று அவளே தன் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். போலீஸ் வண்டி வந்து பார்த்தது. குடிசைக்குள் நான் மீனோடு உட்கார்ந்திருந்தேன், வந்தவருக்கு ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். அடுத்த வாரமும் அவள் போன் செய்தாள். அதற்கடுத்த வாரமும்.

அவளுடைய மேலதிகாரி ஹெரால்டை உங்களுக்குத் தெரியும். அவரும் எங்கள் சர்ச். வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிட வரிசையில் நிற்கும்போது அவரிடம் பேசினேன். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. "மார்லிஸைக் கொஞ்சம் பாத்துக்குங்க. எங்க ஆட்டத்துல வர்றதெல்லாம் அவ வீட்ல வருதுன்னு சொல்றா" என்றேன். அது உண்மை. அவர் நம்ப முடியாமல் பார்த்தார். ஞாயிறு ஆராதனை முடிந்து அவர் கையில் என் பிரதியைக் கொடுத்தேன். முப்பத்தொன்றாம் பக்கத்தின் மூலையை மட்டும் மடித்து வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை ஹெரால்ட் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். அவளுக்குப் பொய் வராது. பார்த்ததை அப்படியே சொன்னாள். எத்தனை விரல், என்ன நிறம், எந்தப் பக்கம் நகர்ந்தது. எல்லாம் அந்தப் பக்கத்தில் இருந்தபடியே இருந்தது. கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் அவளை விடுப்பில் அனுப்பிவிட்டார்கள். அலுவலகக் கணினியில் அவள் முகவரிக்கு எதிரே ஒரு குறிப்பும் ஏறியது. இந்த வீட்டாரிடமிருந்து போன் வந்தால் உறுதி செய்துகொண்டு வண்டி அனுப்பவும். யாரிடம் உறுதி செய்வது என்று ஒரு கட்டம் இருக்குமாம். ஹெரால்ட் எனக்குப் போன் செய்து, "உங்க நம்பரைப் போட்டுக்கட்டுமா? அவளுக்கு உங்களை விட்டா யாரு இருக்கா" என்றார். நான் தயங்கினேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகுதான் சரி என்றேன்.

மார்லிஸ் ஜனவரியில் மெலிந்துபோனாள். வீட்டில் எல்லா அறையிலும் துண்டு விரித்து வைத்திருந்தாள், தடம் விழுந்தால் துணியில் ஊறட்டும் என்று. வெர்னா வாரம் இரண்டு தடவை சூப் கொண்டுபோய்க் கொடுத்தாள். மேசையில் எல்லோரும் அவளிடம் மெல்லிய குரலில் பேசினார்கள். அவள் பாத்திரத்துக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொண்டார்கள். முன்பெல்லாம் அவள் வாயைத் திறந்தால் டுவெய்ன் பதிலுக்கு வாரிவிடுவான். இப்போது, "ஆமா மார்லிஸ், ஆமா" என்று தலையாட்டினான். சூப்பைவிட அதுதான் அவளை அதிகம் உலுக்கியது என்று நினைக்கிறேன். விதி வேலை செய்துகொண்டிருந்தது.

அந்த மாதம் மூன்றாம் சனிக்கிழமை அவள் ஒரு மணிக்கே வந்துவிட்டாள். நான் மூன்றாவது நாற்காலியை விரித்துக்கொண்டிருந்தேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"லாயிட், நீயா?"

"எது?"

"புதுச் சாவி உன்கிட்ட மட்டும்தான் இருக்கு. யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன்." அவள் குரல் நடுங்கவில்லை. போன் எடுத்துப் பேசுகிற குரல் அது. "நீயா இருந்தா சொல்லிடு. கோவிச்சுக்கவே மாட்டேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீன்னா எனக்குப் பைத்தியம் இல்லன்னு அர்த்தம். அது போதும் எனக்கு. வேலைக்குப் போயிடுவேன். நீயான்னு மட்டும் சொல்லு."

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை என்பது எனக்குத் தெரிந்தது. அந்த வேலை இல்லாவிட்டால் அவள் இல்லை. தன் காதையும் கண்ணையும் நம்ப முடியாதவள் அந்த நாற்காலியில் எப்படி உட்காருவாள். அன்றைக்கு நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள், பதினோரு வருட உழைப்பு ஒரு குறும்பாக முடிந்திருக்கும். டுவெய்ன் அதை வைத்து இன்னொரு வருடம் சிரித்திருப்பான்.

"மார்லிஸ், நீ கொஞ்சம் ஓய்வெடுத்துக்கணும்" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு மற்றவர்கள் வந்தார்கள், ஆட்டம் தொடங்கியது.

இனி பிப்ரவரி பத்தாம் தேதி. இதைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்.

சோதனை முடியவில்லை என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அதுவரை அவள் செய்த போன்களில் ஆபத்து எதுவும் இல்லை. வெளிச்சம் தெரிகிறது என்று சொன்ன போனை நம்பாமல் விட்டதில் விதிக்கு என்ன பெருமை. மார்லிஸ் சொன்னது உயிர்போகிற போனைப் பற்றி. அப்படி ஒரு போன் வந்து, அதுவும் எடுபடாமல் போனால்தான் நாற்பதாம் பக்கம் நிற்கும். அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. அவள் போன் செய்ய வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

காகித ஆலையிலிருந்து வருகிற ஓடை ஏரியில் கலக்கும் இடத்தில் பனி எப்போதும் இறுகாது. தண்ணீரில் ஓட்டமும் உண்டு, ஆலையின் சூடும் உண்டு. மாவட்ட வரைபடத்தில் அந்த இடத்துக்கு ஆபத்து என்று குறுக்குக்கோடு போட்டவனே நான்தான். டுவெய்னும் மற்றவர்களும் ஒவ்வொரு வருடமும் ஆரஞ்சு நாடா கட்டிய கழிகளை அங்கே எல்லையாக நட்டு வைப்பார்கள். அவற்றில் நான்கை மட்டும் பிடுங்கி, பனி இறுகாத பக்கமாக இருபது அடி தள்ளி நட்டேன். ஓடைமேல் இருக்கிற நடைபாலத்தில் நின்று, விளக்கை நூலில் கட்டித் தண்ணீரில் விட்டேன். ஓட்டமே அதைப் பனிக்கு அடியில் இழுத்துக்கொண்டு போனது. ஐந்தே கால் மணி இருக்கும்.

அவள் டார்ச்சோடும் போனோடும் வந்தாள். அன்றைக்கு அவளுக்கு ஆதாரம் வேண்டும், வெளிச்சத்தைப் படம் பிடித்து ஹெரால்டிடம் காட்ட வேண்டும். கழிகளைப் பார்த்துப் பார்த்துக் கவனமாகத்தான் நடந்தாள். எல்லையை அவள் ஒரு அடிகூடத் தாண்டவில்லை. அதை நான் அவளுக்காகச் சொல்ல வேண்டும். உங்கள் அறிக்கையில் அவள் அஜாக்கிரதையாக இருந்தாள் என்று எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள்.

இடுப்பு வரைக்கும்தான் இறங்குவாள் என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்த இடத்தின் ஆழத்தை நான் பார்த்த வரைபடம் பழையது. அவள் கழுத்து வரைக்கும் போனாள். இரண்டு முழங்கையையும் பனி விளிம்பில் ஊன்றிக்கொண்டாள். போன் பனிமேல் கிடந்தது, அதை மூக்கால் அழுத்தினாள். பதிவை நீங்கள் எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். அவள் தன் முகவரியைச் சொன்னாள், இடத்தைச் சொன்னாள், ஏணியும் கயிறும் கொண்டுவரச் சொன்னாள். எல்லாம் ஒழுங்கு மாறாமல் சொன்னாள். பத்தொன்பது வருடப் பழக்கம். போனை எடுத்த ஷெல்பி, மார்லிஸே கூட உட்கார வைத்து வேலை கற்றுக்கொடுத்த பெண். திரையில் குறிப்பு வந்தது. அவள் விதிப்படி என் நம்பருக்குப் போட்டாள்.

என் சட்டைப்பையில் போன் அடித்தது. முதல் இரண்டு தடவை நான் எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்தேன்.

"மிஸ்டர் ப்ருனர், மார்லிஸ் லைன்ல இருக்காங்க. பனியில விழுந்துட்டேன்னு சொல்றாங்க. பாலத்துல யாரோ நிக்கறாங்களாம், அவரையும் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"அவ வீட்லதான் இருக்கா," என்றேன். "இப்பத்தான் பாத்துட்டு வந்தேன். தூங்கட்டும், பாவம். நீ பதட்டப்படாத."

அந்தப் பெண் நல்ல பெண். அவளுக்குச் சமாதானம் ஆகவில்லை. மறுபடி மறுபடி கேட்டாள். மருந்து சாப்பிட்டாளா, கதவு பூட்டியிருந்ததா, கூட யாராவது இருக்கிறார்களா என்றெல்லாம். நான் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னேன். அறுபதடி தள்ளி மார்லிஸ் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். முதலில் பாலத்தில் நிற்கிறவரை ஐயா என்று கூப்பிட்டாள். கொஞ்சம் கழித்து லாயிட் என்று கூப்பிட்டாள். முகம் தெரிந்ததா, நின்ற தோரணையை வைத்துக் கண்டுபிடித்தாளா என்று தெரியவில்லை. அப்போதும் அவள் என்னைத் திட்டவில்லை. "நூலைப் போடு லாயிட்" என்றாள். என் கையில் இருந்த நூலைச் சொன்னாள். பத்து கிலோ தாங்குகிற நூல் அது, ஆள் எடைக்குப் போதாது. அதனால் போடவில்லை.

முதல் போனிலிருந்து பதினோரு நிமிடம் விதி வேலை செய்தது. அதன் பிறகு ஷெல்பி யாரையும் கேட்காமல் வண்டி அனுப்பிவிட்டாள். ஒரு காதில் மார்லிஸ், மறு காதில் நான், இரண்டு காதிலும் அதே கூப்பாடு கேட்டது என்று அவள் வாக்குமூலத்தில் இருக்கிறது. யார் போன் பண்ணினாலும் அனுப்பு என்றுதான் மார்லிஸ் தனக்குச் சொல்லிக்கொடுத்தாள் என்றும் சொல்லியிருக்கிறாள். வண்டி வர ஒன்பது நிமிடம் ஆனது. அதற்குள் கூப்பாடு நின்றிருந்தது. அவர்கள் வந்தபோது நான் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். பனிக்கடியில் ஒரு விளக்கை எரியவிட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஆக, மார்லிஸ் டெஷ் இறந்ததற்குக் காரணம் நான். நான் மட்டும்தான். தடம் வைத்தவன் நான், விளக்கை இறக்கியவன் நான், கழிகளை நகர்த்தியவன் நான், வண்டியைத் தடுத்தவனும் நான். இதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன். பிரதி அச்சுக்குப் போகுமானால் நாற்பதாம் பக்கத்தில் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். உறுதி செய்கிற ஆள் சம்பவ இடத்தில் நிற்கக் கூடாது. மற்றபடி விதி சரியாகவே இருக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி. வெர்னா சொன்ன அட்டையைப் பற்றிக் கேட்டீர்கள். பதினான்கு வருடத்தில் அதை யாரும் திருப்பியதே இல்லை என்று நேற்று பதில் சொன்னேன். வரைபடக்காரன் தப்பாக எதையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது, அதனால் திருத்துகிறேன். ஒரு தடவை திருப்பியிருக்கிறார்கள்.

ஜனவரியில் அந்தச் சனிக்கிழமை, ஓய்வெடுத்துக்கொள் என்று நான் சொன்ன பிறகு மார்லிஸ் கொஞ்ச நேரம் நின்றாள் என்று எழுதினேன் அல்லவா. அப்போது அவள் கையை நீட்டி, மேசை நடுவில் இருந்த அட்டையைத் திருப்பினாள். சிவப்பு மேலே வந்தது. ஒன்றும் பேசவில்லை, பேசத் தேவையில்லை என்பதுதானே வழக்கம். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். ஆனால் வழக்கம் ஆட்டம் நடக்கும்போதுதான் செல்லும். மணி அப்போது ஒன்று பத்து. மற்றவர்கள் வரவில்லை, நாற்காலிகூடப் போட்டு முடியவில்லை. ஆட்டமே தொடங்காதபோது எதை நிறுத்துவது. அதனால் அட்டையை நான் மறுபடி பழையபடி திருப்பி வைத்தேன். கால் ஆடாத நல்ல நாற்காலியாகப் பார்த்து அவளுக்கு விரித்துப் போட்டேன். அவள் அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், பிறகு கோட்டோடு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமை வந்தாள். அட்டை அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது, ஒரு தடவைகூட அவள் அதைத் தொடவில்லை. ஆட்டம் அவளுக்குப் பிடித்திருந்தது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.